மடித்துச் செருகிய போர்வை: கூச்சமுள்ள மாணவரின் முதலாண்டு

புதிய கல்வியாண்டின் முதல் நாளில் கல்லூரி வகுப்பறைகளில் ஒரு சடங்கு தவறாமல் நிகழ்கிறது. ஒவ்வொருவராக எழுந்து பெயர், ஊர், படித்த பள்ளி, எதிர்கால இலட்சியம் ஆகியவற்றைச் சொல்லுமாறு ஆசிரியர் கேட்கிறார். சொல்ல வேண்டியவை நான்கே செய்திகள். ஆகும் நேரம் அரை நிமிடம். ஆயினும் நாராயணவனத்திலிருந்து திருப்பதிக்குப் படிக்க வந்து, மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கும் ஒரு மாணவருக்கு அந்த அரை நிமிடம் அதற்கு முந்தைய இருபது நிமிடங்களையும் விழுங்கிவிடுகிறது. தமக்கு முன் பேசியவர்களின் ஒரு சொல்லும் அவர் காதில் விழுவதில்லை. தம் முறைக்கான வாக்கியங்களை மனத்துக்குள் அடுக்குவதும் கலைப்பதுமாக இருக்கிறார். முறை வந்ததும் பெயரையும் ஊரையும் மட்டும் சொல்லி அமர்ந்துவிடுகிறார். எவரும் சிரிக்கவில்லை, எவரும் ஏளனம் செய்யவில்லை. அடுத்தவர் எழுந்துவிடுகிறார். ஆனால் அன்று மாலைக்குள் அவரைப் பற்றிய ஒரு தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது: ‘இவன் பேசமாட்டான்.’ பட்டம் பெறும் நாள்வரை அத்தீர்ப்பு மாறாமல் இருந்துவிடுவதும் உண்டு.

இம்மாணவர் குறிப்பிட்ட ஒருவர் அல்லர். எல்லையோரச் சிற்றூர்களிலிருந்து ஆண்டுதோறும் உயர்கல்விக்கு வரும் பலரின் பொது உருவம். புத்தூரை அடுத்த நாராயணவனம், கல்யாண வேங்கடேசுவரர் கோயிலாலும், ஆகாசராசன் மகள் பத்மாவதியின் திருமணக் கதையாலும், சுரைக்காய்ச் சித்தரின் சமாதியாலும், தறிகளாலும் அறியப்பட்ட ஊர். திருப்பதிக்கும் அதற்கும் இடையே ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர்தான். இவ்வளவு அண்மையிலிருந்து வருபவருக்கு என்ன அந்நியம் இருக்கக்கூடும் என்று நகரத்தார் எண்ணுவது இயல்பு. ஆனால் தொலைவைக் கிலோமீட்டரால் மட்டும் அளக்க இயலாது. ஊரில் அவர் இன்னாருடைய மகன், இன்னாருடைய பேரன். தம்மை எவருக்கும் அறிமுகம் செய்துகொள்ள வேண்டிய தேவையே அவருக்குப் பதினேழு ஆண்டுகளாக எழுந்ததில்லை. கோயில் வாசலிலும் தெருமுனைக் கடையிலும் அவர் வாய் திறப்பதற்கு முன்பே அவரை அறிந்தவர்கள் இருந்தார்கள். நகரத்தில், வாய் திறந்தால்தான் ஆள் உண்டு. பழக்கப்படாத அந்த ஒரு விதிதான் அவருடைய முதலாண்டின் முதற்பெருந்தடை.

அடுத்த தடை மொழி. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோதும், எல்லை மாற்றச் சட்டத்தின்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தபோதும் கோடுகள் நிலத்தின் மேல் வரையப்பட்டன. வீடுகளுக்குள் பேசப்பட்ட மொழிகள் அக்கோடுகளைப் பொருட்படுத்தவில்லை. நாராயணவனம், நகரி, சத்தியவேடு, நாகலாபுரம் முதலான பகுதிகளில் வீட்டில் தமிழும் வெளியில் தெலுங்குமாக வாழும் குடும்பங்கள் இன்றும் பல. அத்தகைய வீட்டுப் பிள்ளைக்குத் தெலுங்கு நன்றாகவே வரும். ஆனால் அது நகரத்து வகுப்பறையின் தெலுங்காக இராது. தமிழும் சென்னைத் தொலைக்காட்சியின் தமிழாக இராது. தெலுங்கில் தமிழை ‘அரவம்’ என்று சொல்வது வழக்கம். விளையாட்டாகச் சொல்லப்பட்டாலும், உச்சரிப்பைக் கொண்டு தம்மை ‘அரவம்’ என அடையாளம் கண்டுவிடுவார்களோ என்னும் எண்ணம் கூச்சமுள்ளவரின் தொண்டையை மேலும் இறுக்குகிறது. இவற்றுக்கு மேல் ஆங்கிலம் வந்து அமர்கிறது. 2021-22ஆம் கல்வியாண்டு முதல் பட்டக் கல்லூரிகளின் இளங்கலைப் படிப்புகள் அனைத்தும் ஆங்கில வழியிலேயே நடைபெறும் என ஆந்திர அரசு முடிவு செய்தது. வேலைவாய்ப்பைக் கருதி எடுக்கப்பட்ட முடிவு அது. எனினும் வீட்டுக்கு ஒன்று, தெருவுக்கு ஒன்று, வகுப்புக்கு ஒன்று என மூன்று மொழிகளில் வாழும் ஒருவர், பேசுவதற்கு முன் ‘எதில் பேசுவது’ என்பதையே முதலில் முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவை அவர் எடுப்பதற்குள் வகுப்பு அடுத்த வினாவுக்குச் சென்றுவிடுகிறது.

இத்தகைய மாணவருக்கு எல்லாப் பக்கங்களிலிருந்தும் வழங்கப்படும் அறிவுரை ஒன்றே: ‘கூச்சத்தை விடு.’ பெற்றோரும் ஆசிரியரும் சொல்கிறார்கள். ஆளுமை வளர்ச்சி வகுப்பு நடத்துபவர்களும் சொல்கிறார்கள். அறிவுரையில் தீய நோக்கம் ஏதுமில்லை, பயனும் இல்லை. கூச்சம் என்பது கையில் பிடித்திருக்கும் பொருள் அன்று, விட்டுவிடுவதற்கு. மேலும், அவ்வறிவுரை ஒரு தவறான கணக்கின்மேல் நிற்கிறது. மாணவரிடம் குறை இருக்கிறது, நிறுவனம் சரியாக இருக்கிறது, ஆகவே மாணவர் மாற வேண்டும் என்பதே அக்கணக்கு. உண்மையில், முதலாண்டில் ஒரு கல்வி நிறுவனம் அறிவைச் சோதிப்பதாக எண்ணிக்கொண்டு, பல வேளைகளில் துணிச்சலையே சோதிக்கிறது. விடை தெரிந்தும் கை தூக்காதவரும் விடை தெரியாதவரும் அங்கே ஒரே பட்டியலில் சேர்க்கப்படுகிறார்கள். ஐயம் கேட்டவருக்கு விளக்கம் கிடைக்கிறது. கேட்காதவருக்கு ஐயமே இல்லை என்று கொள்ளப்படுகிறது.

கூச்சம் அரிதான இயல்பும் அன்று. அமெரிக்க உளவியலாளர் பிலிப் சிம்பார்டோ 1970களில் நடத்திய ஆய்வுகளில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் தம்மைக் கூச்ச இயல்பினர் என்றே கூறிக்கொண்டனர். வாழ்வில் ஏதேனும் ஒரு காலத்தில் அவ்வாறு இருந்ததாகக் கூறியவர்களையும் சேர்த்தால் அவர்கள் பெரும்பான்மையினர். அந்த விழுக்காடு இங்கும் அப்படியே பொருந்துமா என்பது வேறு கேள்வி. ஆனால் அறுபது பேர் அமர்ந்திருக்கும் ஒரு வகுப்பில் கூச்சமுள்ளவர் தாம் ஒருவரே என்று ஒவ்வொருவரும் நம்பிக்கொண்டிருப்பது மட்டும் எங்கும் காணக்கூடியது. கூச்சத்தின் பண்பே அதுதான். பேசாதவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாததால், தம் எண்ணிக்கை எவ்வளவு என்பதை அவர்கள் அறிவதே இல்லை.

முதலாண்டில் ஒரு மாணவரை இழப்பது எவ்வளவு எளிது என்பதற்கு இந்நாட்டின் வரலாற்றிலேயே ஒரு சான்று இருக்கிறது. 1888ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மெட்ரிகுலேசன் தேறிய பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் பவநகரிலிருந்த சாமள்தாஸ் கல்லூரியில் சேர்ந்தார். பம்பாயைக் காட்டிலும் செலவு குறைவு என்பதே அக்கல்லூரியைத் தேர்ந்ததற்குக் காரணம். அங்கு எல்லாமே கடினமாக இருந்தது. பேராசிரியர்களின் விரிவுரைகளைப் பின்தொடர இயலவில்லை. முதல் பருவத்தின் முடிவில் ஊர் திரும்பிவிட்டார். பேராசிரியர்கள் சிறந்தவர்களே, குறை தம்முடைய பக்குவமின்மைதான் என்று பிற்காலத்தில் தம் தன்வரலாற்றில் அவர் எழுதினார். அவர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி.

அதே ஆண்டு செப்டம்பரில் அவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். உணவு மேசையில் எந்தெந்தப் பண்டங்களில் இறைச்சி இல்லை என்று கேட்கக் கூச்சப்பட்டுத் தம் அறைக்குள்ளேயே இருந்து, ஊரிலிருந்து கொண்டுவந்த இனிப்பும் பழமும் உண்டார். இலண்டனில் சைவ உணவுக் கழகத்தின் செயற்குழு உறுப்பினரான பிறகும் கூட்டத்தில் பேச நா எழவில்லை. ஒரு முக்கியமான விவாதத்தின்போது தம் கருத்தை எழுதிக் கொண்டுவந்தார். அதைப் படிக்கும் துணிவும் இல்லாமல், வேறொருவர் படித்தார். இந்த நிகழ்ச்சிகளில் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. அக்கழகம் அவரைப் பேசக் கட்டாயப்படுத்தவும் இல்லை, பேசாததால் விலக்கவும் இல்லை. எழுத்து வழியாகக் கருத்து வர ஒரு கதவு திறந்திருந்தது. பின்னாளில் தம் கூச்சம் சொற்களைச் சிக்கனமாகப் பயன்படுத்தக் கற்பித்த கேடயம் என்று காந்தி மதிப்பிட்டார். பவநகரில் அந்தக் கதவு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது ஊகத்துக்குரியது. ஆனால் ஒரு பருவத்துக்குள் ஒரு கல்லூரியை விட்டு நீங்கிய மாணவர், கற்கத் தகுதியற்றவராக இருக்கவில்லை என்பது ஊகம் அன்று.

மற்றொரு நிகழ்ச்சி கேம்பிரிட்ஜில் நிகழ்ந்தது. 1914 ஏப்ரலில் சீனிவாச இராமானுசன் இங்கிலாந்து சென்றார். டிரினிட்டி கல்லூரியில் அவருக்கு அறை கிடைத்தது. அவ்வேளையில் கிங்ஸ் கல்லூரியில் பயின்றுகொண்டிருந்த பிரசந்த சந்திர மகலனோபிஸ் ஒரு குளிர்நாளில் அவரைக் காணச் சென்றார். இராமானுசன் கணப்பின் அருகே நெருங்கி அமர்ந்திருந்தார். இரவில் குளிர் தாங்க முடிகிறதா என்று மகலனோபிஸ் கேட்டார். மேலங்கியை அணிந்து, சால்வையைப் போர்த்திப் படுத்தும் குளிர்கிறது என்றார் இராமானுசன். போதிய போர்வைகள் இல்லையோ என்று எண்ணிய மகலனோபிஸ் படுக்கையறைக்குள் சென்று பார்த்தார். போர்வைகள் பல இருந்தன. அவை ஆங்கிலேய வழக்கப்படி மெத்தையின் அடியில் இறுக்கமாக மடித்துச் செருகப்பட்டு, மேலே ஒரு விரிப்பால் மூடப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது இராமானுசனுக்குத் தெரிந்திருக்கவில்லை. மேல்விரிப்புக்கும் போர்வைகளுக்கும் இடையில் அவர் குளிரில் படுத்திருந்தார். மகலனோபிஸ் வழியைக் காட்டிக்கொடுத்தார். இராமானுசன் மனம் நெகிழ்ந்துபோனார்.

உலகின் தலைசிறந்த கணித மனங்களில் ஒன்று, காலடியில் இருந்த போர்வைக்குள் நுழையும் வழி தெரியாமல் குளிரில் நடுங்கியது; எவரிடமும் கேட்கவும் இல்லை. அவரிடம் அறிவுக் குறைவு இல்லை. கல்லூரியிடமும் போர்வைக் குறைவு இல்லை. இரண்டுக்கும் இடையில், அறைக்குள் சென்று பார்க்கும் ஒருவர் மட்டுமே தேவைப்பட்டார். இன்றைய முதலாண்டு மாணவரின் சிக்கலும் பெரும்பாலும் இதுவே.

இந்நாட்டின் உயர்கல்வியில் போர்வைகள் இல்லாமல் இல்லை. 2019இல் பல்கலைக்கழக மானியக் குழு ‘தீட்சாரம்பம்’ என்ற பெயரில் புதிய மாணவர்களுக்கான அறிமுகத் திட்டத்தை வெளியிட்டது. மாணவர் ஒருவரோடொருவர் பழகுவதும் நிறுவனத்தோடு உறவு கொள்வதும் அதன் நோக்கங்களில் அடங்கும். கல்லூரிகளை மதிப்பிடும் தேசியத் தர மதிப்பீட்டுக் குழு, ஒரு வழிகாட்டி ஆசிரியருக்கு எத்தனை மாணவர் என்ற விகிதத்தைக் கேட்டுப் பதிவு செய்கிறது. கல்வி உதவித்தொகைகள் உண்டு, சிறப்புப் பயிற்சி வகுப்புகள் உண்டு, நூலகங்கள் உண்டு. 1954இல் தோன்றிய திருவேங்கடவன் பல்கலைக்கழகத்தில், ந. சுப்பு ரெட்டியார் போன்ற அறிஞர் பணியாற்றிய தமிழ்த்துறையே உண்டு. திராவிட மொழிகளுக்கென்றே 1997இல் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகம் குப்பத்தில் இருக்கிறது. பெண்களுக்கென்று 1983 முதல் திருப்பதியில் ஒரு பல்கலைக்கழகம் இயங்குகிறது.

கொடுமைகளைத் தடுக்கும் சட்டங்களும் வந்துள்ளன. 1996இல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட துயரம் தமிழ்நாட்டை உலுக்கியது. 1997இல் தமிழ்நாடும் ஆந்திராவும் ராகிங்கைத் தடை செய்து சட்டம் இயற்றின. 2009இல் நாடு முழுவதற்குமான ஒழுங்குமுறைகளை மானியக் குழு வகுத்தது. இச்சட்டங்களின் பயனைக் குறைத்துக் கூற இயலாது. முதலாண்டு மாணவரை அடிப்பவரையும் அவமதிப்பவரையும் இன்று தண்டிக்க வழி இருக்கிறது. ஆயினும், ஒரு மாணவரோடு ஒரு பருவம் முழுவதும் எவருமே பேசாதிருந்தால், அதைக் குற்றமாகக் காணும் சட்டம் இல்லை, இருக்கவும் முடியாது. ராகிங் தடுப்புக் குழு புகாருக்காகக் காத்திருக்கிறது. தனிமைக்குப் புகார் எழுதுபவர் எவர்?

எனவே கேள்வி, வசதிகள் உண்டா என்பது அன்று. அவை எவ்வாறு செருகப்பட்டிருக்கின்றன என்பதே. வழிகாட்டி ஆசிரியரின் பெயர் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படுகிறது; ‘சிக்கல் இருந்தால் வந்து சந்திக்கலாம்’ என்கிறது அறிவிப்பு. கூச்சமுள்ளவருக்கு இயலாத செயல் எதுவோ, அதுவே உதவி பெறுவதற்கான முன்நிபந்தனையாக வைக்கப்பட்டிருக்கிறது. ஆசிரியர் அறையின் வாசலில் நின்று, ‘சார்’ என்று அழைத்து, உள்ளிருப்போர் அனைவரும் திரும்பிப் பார்க்க, தம் சிக்கலைச் சொல்ல வல்லவருக்கு அந்த வழிகாட்டி அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. ஆண்டுத் தரமதிப்பீட்டுக்காகக் கையொப்பங்களோடு நிரப்பப்படும் வழிகாட்டிப் பதிவேட்டில் அவர் பெயரும் இருக்கும். அவரோடு நடந்த உரையாடல் ஒன்றுகூட இராது. உதவித்தொகை விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தை எவ்வாறு நிரப்புவது என்று கேட்கத் தயங்கிக் கடைசி நாளைத் தவறவிடுபவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. ஒரு நாள் வகுப்புக்கு வராமற்போனால், மறுநாள் ‘ஏன் வரவில்லை’ என்ற கேள்விக்கு அஞ்சி இன்னொரு நாள் வராமலிருப்பார்கள். அது ஒரு வாரமாகும்; 75 விழுக்காடு வருகை என்னும் எல்லைக்குக் கீழே இறங்கும். இறுதியில் ‘அக்கறையற்றவன்’ என்னும் பெயரோடு விவகாரம் முடியும். தொடக்கம் அக்கறையின்மை அன்று, ஒரு கேள்விக்கான அச்சம் என்பதை எந்தப் பதிவேடும் சொல்லாது.

இதற்குத் தீர்வு பெரும் நிதி கோருவது அன்று. முதலாவது, வகுப்பறையில் காத்திருத்தல். அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் ஆசிரியர்களின் பேச்சை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தபோது, வினா எழுப்பிய பின் அவர்கள் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருப்பதைக் கண்டார். அக்காத்திருப்பை மூன்று நொடிகளுக்கு மேல் நீட்டியபோது விடைகள் நீண்டன, விடையளிக்காமலிருப்பது குறைந்தது, வழக்கமாகப் பேசாத மாணவர்களும் பங்கேற்றனர். மும்மொழிக்கு நடுவே சொற்களைத் தேடும் நாராயணவனத்து மாணவருக்கு அந்த இரண்டு கூடுதல் நொடிகள் எவ்வளவு பெரிது என்பதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, அவையில் பேசுவதற்கு முன் அருகிலிருப்பவரிடம் பேச வாய்ப்பளித்தல். வினாவைக் கேட்டு, ஒரு நிமிடம் எழுதச் செய்து, பக்கத்து இருக்கையினரோடு பகிரச் செய்து, அதன்பின் வகுப்புக்குக் கொண்டுவரலாம். 1980களின் தொடக்கத்திலிருந்தே பல நாடுகளில் கையாளப்படும் முறை இது. எழுதிய தாள் கையிலிருக்கும்போது கூச்சம் பாதியாகக் குறைகிறது. காந்திக்கு இலண்டனில் உதவியது அத்தாள்தான். வாரம் ஒருமுறை, பெயரிட்டோ பெயரின்றியோ, ‘இந்த வாரம் புரியாதது’ என்று ஒரு துண்டுத்தாளில் எந்த மொழியிலும் எழுதித் தரச் செய்தால், ஆசிரியருக்கும் தம் வகுப்பின் உண்மை நிலை தெரியவரும்.

மூன்றாவது, வழிகாட்டி ஆசிரியர் காத்திராமல் அழைத்தல். முதல் பருவத்தில் இரண்டு முறை, தம் பொறுப்பிலுள்ள ஒவ்வொரு மாணவரையும் வரிசைப்படி பத்து நிமிடம் சந்திப்பது கட்டாயம் என்றாகிவிட்டால், போய்ச் சந்திப்பது துணிச்சலுக்குரிய செயலாக இராது. எல்லோரும் செய்யும் ஒன்றாகிவிடும். கூச்சமுள்ளவர் அழைப்புக்கு மறுப்புச் சொல்வதில்லை, அழைக்கப்படாததால்தான் வருவதில்லை. அச்சந்திப்பில் கேட்க வேண்டியவை சிறியவை: எங்கே தங்கியிருக்கிறார், எதில் வருகிறார், உணவு எப்படி, எந்தப் பாடம் பின்தங்குகிறது, வகுப்பில் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்கு எவரையாவது அறிவாரா? கடைசிக் கேள்விக்கு ‘இல்லை’ என்ற விடை செப்டம்பரிலும் வருமானால், அந்த ஆசிரியர் செய்ய வேண்டிய பணி தொடங்கிவிட்டது என்று பொருள்.

இதற்கு ஒரு மறுப்பு எழும். அது புறக்கணிக்கத்தக்கது அன்று. நேர்முகத் தேர்வும் பணியிடமும் பேசத் தெரிந்தவரையே கேட்கின்றன. கூச்சமுள்ளவரைப் பொத்திப் பாதுகாத்தால் நான்காம் ஆண்டில் அவர் இன்னும் பெரிதாக அடிபடுவார் என்பது அம்மறுப்பு. உண்மைதான். பேசப் பழகாமல் பட்டம் பெறுவது மாணவருக்கு நன்மை அன்று. ஆனால் பழக்குவது வேறு, தள்ளிவிடுவது வேறு. நாராயணவனத்தாருக்கு நன்கு தெரிந்த புத்தூர் எலும்புக்கட்டு இவ்வேறுபாட்டை விளக்கும். பச்சிலையும் முட்டையும் மூங்கில் பத்தையும் வைத்துக் கட்டும்போது, எலும்பைக் கூட்டுவது கட்டு அன்று. எலும்பு தானே கூடுகிறது. கூடும்வரை அசையாமல் தாங்குவதே கட்டின் பணி. கூடியபின் கட்டு அவிழ்க்கப்பட்டாக வேண்டும். கூடுவதற்கு முன் நடக்கச் சொல்வதும் கூடிய பின்னும் கட்டை வைத்திருப்பதும் ஒருங்கே தவறு. முதற்பருவத்தில் எழுதித் தந்தவர், இரண்டாம் பருவத்தில் நால்வர் குழுவில் பேசலாம். இரண்டாம் ஆண்டில் வகுப்புக்கு முன் ஐந்து நிமிடம் நிற்கலாம். முதல் நாளிலேயே அறுபது பேர் முன் நிறுத்தி, நா தடுமாறியதும் ‘இது கூடவா வராது’ என்பது பயிற்சி ஆகாது.

மாணவர் தரப்பிலும் செய்யக்கூடியவை உள. கலகலப்பானவராக மாறிவிட வேண்டும் என்ற இலக்கு அவற்றுள் ஒன்றன்று. முதல் மாதத்தில் வகுப்பு முழுவதையும் நண்பராக்கத் தேவையில்லை, ஒருவர் போதும். அந்த ஒருவரும் பெரும்பாலும் தம்மைப் போலவே ஓரத்தில் அமர்ந்திருப்பவராகவே இருப்பார். நாள்தோறும் ஒரே இடத்தில் அமர்வது எளிய உபாயம். பேச்சின்றியே முகங்கள் பழகிவிடும். ஒரு வாரத்துக்கு ஒரு கேள்வி என்று வரையறுத்துக்கொள்ளலாம். அதை வகுப்பு முடிந்ததும் தாழ்வாரத்தில் கேட்பதும் கேட்பதே. புத்தூரிலிருந்து ஒரே பேருந்தில் வரும் மாணவர்கள் உண்டாயின், அப்பயணமே முதல் நட்புக்கான இடமாகலாம். வார இறுதியில் ஊருக்குச் செல்வதை இழிவாக எண்ண வேண்டியதில்லை. பேசாமலே புரிந்துகொள்ளப்படும் ஓர் இடம் உள்ளவரே, புரியாதவர்களிடம் பேசும் வலிமையைப் பெறுகிறார். ஆனால் வெள்ளி மாலை வருகிறதே என்ற ஒன்றுக்காக மட்டும் திங்கள் முதல் வெள்ளிவரை பொறுத்துக்கொள்ளும் நிலை பல மாதங்களாக நீடித்தால், அது கவனிக்கப்பட வேண்டிய அறிகுறி.

முதலாண்டின் பெருந்துன்பம், ‘இங்கே எல்லோரும் பொருந்திவிட்டார்கள், எனக்கு மட்டும் இடமில்லை’ என்னும் எண்ணம். கிரெகரி வால்டன், ஜெப்ரி கோஹன் என்னும் உளவியலாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தொட்டுச் செல்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதலாண்டு மாணவர்க்கு ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயிற்சி அளிக்கப்பட்டது. இத்தகைய ஐயம் தொடக்கத்தில் எல்லோருக்கும் உண்டு, காலப்போக்கில் குறையும் என்பதை முதுநிலை மாணவர்களின் அனுபவங்கள் வழியாக அவர்கள் அறிந்தார்கள். பின் தம் சொற்களில் அதை எழுதினார்கள். அவ்வளவே. பயிற்சி பெற்ற கறுப்பின மாணவர்களின் மதிப்பெண்கள் அடுத்த மூன்றாண்டுகளில் உயர்ந்தன. திருப்பதியிலும் இது இயலாததன்று. எல்லையோரச் சிற்றூரிலிருந்து வந்து இன்று மூன்றாம் ஆண்டில் இருக்கும் ஓர் அண்ணனோ அக்காவோ, தம் முதல் பருவத்தில் எத்தனை நாள் தனியாக அமர்ந்து உண்டார் என்பதை அறிமுக விழாவில் பத்து நிமிடம் சொன்னால், அது எந்த ஊக்கவுரையைக் காட்டிலும் ஆழமாகச் சென்று சேரும்.

குடும்பத்தாருக்கும் ஒரு பங்கு உண்டு. மாலைத் தொலைபேசியில் ‘எல்லாரிடமும் நன்றாகப் பழகுகிறாயா?’ என்று கேட்டால் ‘பழகுகிறேன்’ என்ற விடைதான் வரும். அது பெற்றோரின் கவலையைப் போக்கச் சொல்லப்படும் விடை. ‘இன்று எவரோடு சாப்பிட்டாய்?’ என்ற கேள்வி உண்மைக்கு அருகில் செல்லும். கூச்சம் இயல்பு, ஆனால் உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, அறையை விட்டு வெளிவர மறுத்தல், வாழ்வதில் பொருளில்லை என்ற பேச்சு ஆகியவை கூச்சத்தின் எல்லைக்குள் அடங்குபவை அல்ல. அவற்றை ‘இவன் எப்போதும் இப்படித்தான்’ என்று தள்ளிவிடலாகாது. அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 எந்நேரமும் இயங்குகிறது. பல இந்திய மொழிகளில் பேச இயலும்.

கேம்பிரிட்ஜின் அந்தக் குளிர்நாளில் மகலனோபிஸ் செய்தது அருஞ்செயல் அன்று. ஒரு கேள்வி கேட்டார். விடையோடு நின்றுவிடாமல் எழுந்து உள்ளறைக்குச் சென்று பார்த்தார். குளிர்கிறது என்று சொன்னவரிடம், குளிரைப் பழகிக்கொள் என்று அவர் அறிவுரை கூறவில்லை. இவ்வாண்டும் புத்தூர்ப் பேருந்திலிருந்து ஒரு மாணவர் இறங்கி, வகுப்பறையின் மூன்றாம் வரிசையில் அமர்வார். பெயரையும் ஊரையும் மட்டும் சொல்லி அமர்ந்துவிடுவார். அவர் சொல்லாமல் விட்ட இலட்சியம் என்ன என்பதை, வகுப்பு முடிந்தபின் அருகில் சென்று கேட்க ஒருவர் இருந்தால் போதும்.